கடிகாரத்துக்குப் புது மூளை!

காலேஜ் காரிடார், ஹாஸ்டல் மெஸ், ஊர் பஸ் ஸ்டாண்ட்... எங்கேயாவது ஓர் இடத்துல பெரிய சிவப்பு எண்களோட ஒரு எல்.இ.டி. கடிகாரம் தொங்கிக்கிட்டு இருக்கும். பல இடங்கள்ல அது தொங்குறதோட சரி, ஓடாது! ஒண்ணு 88:88-னு முறைச்சுக்கிட்டு நிக்கும். இன்னொண்ணு சுத்தமா இருட்டு. அதுக்குக் கீழேயே நின்னுக்கிட்டு, பாக்கெட்ல இருந்து செல்போனை எடுத்து மணி பார்ப்போம். நமக்கும் பழகிப்போச்சு, கடிகாரத்துக்கும் பழகிப்போச்சு!

இந்த வாரம் அந்தக் கடிகாரத்தைத்தான் சுவத்துல இருந்து கீழே இறக்கப் போறோம். இ.சி.இ., ட்ரிபிள் இ மக்களே, முன் பெஞ்சுக்கு வாங்க. மெக்கானிக்கல், சிவில், பி.எஸ்சி. பிசிக்ஸ் பார்ட்டிகளும் எஸ்கேப் ஆக வேண்டாம். சால்டரிங் அயர்னை எந்தப் பக்கம் பிடிக்கணும்னு தெரிஞ்சாலே போதும், உங்களுக்கும் இது வேலைதான்.

ஒரு முக்கியமான விஷயம். கடிகாரம் கல்லூரிச் சொத்துன்னா, ஹெச்.ஓ.டி.கிட்டயோ லேப் அசிஸ்டென்ட்கிட்டயோ சொல்லிட்டு இறக்குங்க. "ரிப்பேர் பண்றோம் சார்"னு கேட்டா வேணாம்னு சொல்ற ஆள் அபூர்வம். கேட்காம இறக்கினா கதையே வேற!

முதல்ல போஸ்ட்மார்ட்டம்!

பிளக்கைப் பிடுங்கிட்டுத்தான் மூடியைத் திறக்கணும். உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 230 வோல்ட். அங்கே விளையாட்டு வேண்டாம்.

திறந்ததும் கண்ணுல படுறது, நாப்பது காலோட ஒரு நீளமான கறுப்பு ஐ.சி. பெரும்பாலும் அது நம்ம பழைய தோஸ்து 8051 குடும்பம்தான். 1980-ல இன்டெல் கொண்டுவந்த டிசைன். பிற்பாடு அட்மெல் அதையே அழிச்சு அழிச்சு எழுதக்கூடிய ஃபிளாஷ் மெமரியோட ஏ.டி.89சி51, ஏ.டி.89எஸ்52-ன்னு போட்டுத் தாக்கிச்சு. அட்மெல்லை 2016-ல மைக்ரோசிப் வாங்கிடுச்சு. ஆனா செமஸ்டர் தவறாம நாம லேப்ல பார்க்கிற அந்த 8051 மட்டும் இன்னும் ரிட்டயர் ஆகலை.

ஐ.சி. செத்துப்போச்சுன்னு உடனே முடிவு கட்டாதீங்க. முதல் குற்றவாளி எப்பவுமே பவர் சப்ளைதான். 7805-ன்னு மூணு கால் ரெகுலேட்டர் ஒண்ணு இருக்கும். அதுக்குள்ள 9 வோல்ட்டோ 12 வோல்ட்டோ போகும், 5 வோல்ட் வெளியே வரணும். அது கெட்டுப்போய் உள்ளுக்குள்ள ஷார்ட் ஆச்சுன்னா என்ன ஆகும்? போன 12 வோல்ட் அப்படியே வெளியே வரும். ஏ.டி.89எஸ்52 தாங்குறது அதிகபட்சம் 6.6 வோல்ட். அவ்வளவுதான், ஆள் காலி!

இதுல இருக்கிற டேஞ்சர் புரியுதா? ரெகுலேட்டரைப் பார்க்காம புது ஐ.சி.யை மாட்டினா, அதுவும் அரை விநாடியில பரலோகம். அதனால, ஐ.சி.யை சாக்கெட்ல இருந்து கழற்றிட்டு, கடிகாரத்துக்கு கரன்ட் கொடுத்து, காலி சாக்கெட்டோட 40-வது காலுக்கும் 20-வது காலுக்கும் நடுவுல மல்ட்டிமீட்டர் வைங்க. 5 வோல்ட் வருதா? நல்லது. வரலையா? ரெகுலேட்டரை மாத்துங்க. மேல்பக்கம் உப்பிப்போன கெபாசிட்டர் இருந்தா அதையும் சேர்த்து மாத்திடுங்க.

5 வோல்ட் சரியா இருக்கும்போது பழைய ஐ.சி.யையே திருப்பி மாட்டி இன்னொரு டெஸ்ட். 30-வது கால், ஏ.எல்.இ.ன்னு பேரு. ஐ.சி. உயிரோட இருந்தா அந்தக் கால் துடிச்சுக்கிட்டே இருக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்னா அதுல ஆறுல ஒரு பங்கு, அதாவது விநாடிக்கு 20 லட்சம் துடிப்பு. மல்ட்டிமீட்டர்ல 0-வும் இல்லாம 5-ம் இல்லாம நடுவுல ஒரு வோல்ட்டேஜ் காட்டும். அசையாம 0-லயோ 5-லயோ நின்னா, கிரிஸ்டலை மாத்திப் பாருங்க. 9-வது காலான ரீசெட்டையும் பாருங்க, அது 0-ல இருக்கணும். எல்லாம் சரியா இருந்தும் நாடி இல்லைன்னா, அப்பத்தான் டெத் சர்டிஃபிகேட்ல கையெழுத்துப் போடலாம்.

காலி மண்டை

சரி, புது ஐ.சி. வாங்கணும். சென்னைன்னா ரிச்சி ஸ்ட்ரீட். மத்த ஊர்கள்ல எலெக்ட்ரானிக்ஸ் சாமான் கடை, இல்லைன்னா ஆன்லைன். ஒரு பிரியாணி காசுல முடிஞ்சுடும். பழைய ஏ.டி.89சி51 இருந்த இடத்துல ஏ.டி.89எஸ்52-வை அப்படியே மாட்டலாம். கால் வரிசை ஒண்ணுதான்.

மாட்டிட்டு ஸ்விட்சைப் போட்டா... ஒண்ணுமே நடக்காது!

ஏன்? ஒரு ரெசிஸ்டரை மாத்தினா அது ரெசிஸ்டர். டிரான்சிஸ்டரை மாத்தினா டிரான்சிஸ்டர். மைக்ரோகன்ட்ரோலர் அந்த ஜாதி இல்லை. கடையில நாம வாங்குறது காலி மண்டை. அதுக்கு மணின்னா என்னன்னே தெரியாது. அந்தப் பழைய ஐ.சி.க்குள்ள யாரோ ஒருத்தர் உட்கார்ந்து எழுதின புரோகிராம் இருந்தது. ஐ.சி.யோட அதுவும் போச்சு.

பழைய ஐ.சி.ல இருந்து படிச்சு எடுக்க முடியாதான்னு கேட்பீங்க. செத்ததுல இருந்து எடுக்க முடியாது. இதே மாடல்ல இன்னொரு நல்ல கடிகாரம் கிடைச்சாலும் கஷ்டம்தான். தயாரிச்சவங்க லாக் பிட்டுன்னு ஒரு பூட்டைப் போட்டிருந்தா, உள்ளே இருக்கிறதை வெளியே படிக்க விடாது. மொத்தமா அழிக்கத்தான் விடும். தயாரிச்ச கம்பெனி கடையைக் கட்டிட்டுப் போயிருந்தா கேட்கவும் ஆள் இல்லை. ஒரு பிரியாணி காசு ஐ.சி.க்காக, கல்லு மாதிரி இருக்கிற டிஸ்ப்ளே, டிரான்ஸ்ஃபார்மர், கேபினெட் எல்லாம் சேர்ந்து பழைய இரும்புக் கடைக்குப் போகுதே, அதுக்குக் காரணம் இதுதான். பொருள் இருக்கு, அறிவு இல்லை!

அந்த அறிவை நாமதான் எழுதணும். வாங்க, எழுதலாம்.

மேப் போடுங்க பாஸ்!

புரோகிராம் எழுதுறதுக்கு முன்னாடி, எந்தக் கால் எதுக்குப் போகுதுன்னு தெரியணும். ஒரு எண்ணுக்கு ஏழு கோடு. நாலு எண்ணுக்கு 28 கோடு. எல்லாத்துக்கும் தனித்தனியா ஒயர் இழுத்தா போர்டு இடியாப்பம் ஆயிடும். அதனால ஏழு கோட்டுக்கு ஏழு லைன், நாலு எண்ணுக்கு நாலு லைன், ஆக மொத்தம் 11 லைன்தான் இருக்கும். முதல் எண், ரெண்டாவது எண்ணுன்னு ஒவ்வொண்ணா மின்னல் வேகத்துல ஏத்தி ஏத்தி அணைப்பாங்க. நம்ம கண்ணு ஏமாந்துபோய், நாலும் ஒண்ணா எரியுதுன்னு நினைச்சுக்கும். இதுக்குப் பேர்தான் மல்ட்டிபிளெக்சிங்.

பிளக்கைப் பிடுங்கிட்டு, ஐ.சி.யைக் கழற்றிட்டு, மல்ட்டிமீட்டரை 'பீப்' மோடுல வைங்க. சாக்கெட்டோட ஒவ்வொரு காலும் எங்கே போகுதுன்னு தேடுங்க. கோடுகளுக்கான லைன் பெரும்பாலும் யு.எல்.என்.2003 மாதிரி ஒரு டிரைவர் ஐ.சி.க்குப் போகும். எண்களுக்கான லைன் டிரான்சிஸ்டர்களுக்குப் போகும். ரெண்டு மூணு கால் பட்டன்களுக்கு. எல்லாத்தையும் நோட்டுல டேபிள் போட்டு எழுதுங்க. ஒரு சாயங்காலம் போயிடும், போகட்டும்.

இங்கே ஒரு சமாச்சாரம். போர்ட் 0-வுக்குப் போற லைன்கள்ல மட்டும் தனியா புல்-அப் ரெசிஸ்டர் இருக்கும். 'ஏன்?'னு வைவாவுல கேட்பாங்களே, நாமளும் "ஓபன் டிரெயின் சார்"னு கிளிப்பிள்ளை மாதிரி சொல்வோமே... அது இதுதான்! மத்த போர்ட்டுகளுக்கு உள்ளேயே புல்-அப் இருக்கு, 0-வுக்கு இல்லை. அந்த ரெசிஸ்டர்ல ஒண்ணு விட்டுப்போனா ஒரு கோடு எரியாது. 8 பார்க்க 6 மாதிரி தெரியும். நேர்ல ஒருதடவை பார்த்துட்டா அந்தக் கேள்வி ஜென்மத்துக்கும் மறக்காது.

அப்புறம், முதல் புரோகிராமே கடிகாரம் கிடையாது. ஒவ்வொரு எண்ணிலும் ஒவ்வொரு கோட்டையும் ஒரு விநாடி எரிய வைக்கிற டெஸ்ட் புரோகிராம்தான். டேபிள்ல எழுதினது சரியான்னு அதுலயே தெரிஞ்சுடும். எழுதறதுக்கு எஸ்.டி.சி.சி.ன்னு இலவச கம்பைலர் இருக்கு. கெய்லோட இலவசப் பதிப்பு 2 கிலோபைட் வரைக்கும்தான் விடும். நம்ம கடிகாரத்துக்கு அதுவே தாராளம். ஐ.சி.க்குள்ள ஏத்த யு.எஸ்.பி. புரோகிராமர் ஒண்ணு வேணும். லேப்ல கேளுங்க, தருவாங்க.

ஒரு விநாடியை எப்படிச் செய்யறது?

கடிகாரத்தோட இதயமே இதுதான். 8051, கிரிஸ்டலோட 12 துடிப்பை ஒரு அடியா எடுத்துக்கும். 12 மெகாஹெர்ட்ஸ்னா விநாடிக்குச் சரியா 10 லட்சம் அடி. டைமரை மோடு 2-ல வச்சு, 250 அடிக்கு ஒரு இன்டரப்ட் வர வைங்க. ரீலோட் மதிப்பு 6, ஏன்னா 256-ல 250 போனா 6. அப்படி 4000 இன்டரப்ட் வந்தா ஒரு விநாடி. பத்து இன்டரப்ட்டுக்கு ஒரு எண்ணை மாத்தினா, நாலு எண்ணும் விநாடிக்கு 100 சுத்து சுத்தும். சிமிட்டலே தெரியாது. ஒரு எண்ணுல இருந்து அடுத்ததுக்குத் தாவுறதுக்கு முன்னாடி எல்லா கோட்டையும் ஒரு தடவை அணைச்சுடுங்க. இல்லைன்னா பக்கத்து எண்ணோட நிழல் மங்கலா ஆவி மாதிரி தெரியும்.

4000-ஐ எண்ணுற வேரியபிளை 'கேரக்டர்'னு வச்சுடாதீங்க. அது 255-க்கு மேல போகாது. திரும்பத் திரும்ப 0-க்கு வந்து, விநாடியே பொறக்காது!

இன்னொரு கண்ணிவெடி. கிரிஸ்டல் மேல என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா? நிறைய போர்டுகள்ல 11.0592-ன்னு இருக்கும். சீரியல் போர்ட்டுக்குத் தோதா இருக்கும்னு அதைப் போடுவாங்க. 12-ன்னு நினைச்சு புரோகிராம் எழுதினா, மணிக்கு 4 நிமிஷம் 42 விநாடி லேட்டா ஓடும். பயப்பட வேண்டாம். 11.0592-ஐ 12-ஆல வகுத்தா விநாடிக்கு 9,21,600 அடி. இதை 256-ஆல வகுங்க. சரியா 3600! அதாவது ரீலோட் 0, 3600 இன்டரப்ட், ஒரு விநாடி. கணக்கு இவ்வளவு அழகா உட்காரும்போது வர்ற சந்தோஷத்துக்கு எந்த இன்டர்னல் மார்க்கும் ஈடாகாது.

11:59-க்கு அப்புறம்?

"மணி பார்க்கத் தெரியாதா?"ன்னு நினைப்பீங்க. எழுதிப் பாருங்க! 59 நிமிஷத்துக்கு அப்புறம் 0, மணி ஒண்ணு கூடும். சரி. 12 மணிக் கணக்குல 12:59-க்கு அப்புறம் 1:00. 13-ம் இல்லை, 0-வும் இல்லை. ஆனா காலை, மாலை மாறுறது 12:59-ல கிடையாது. 11:59-ல இருந்து 12:00-க்குப் போகும்போது. இதை மாத்தி எழுதிட்டா, மத்தியானம் 12:30-ஐ நடுராத்திரின்னு சொல்லும் உங்க கடிகாரம்.

பட்டனும் ஒரு குறும்புக்காரன். ஒருதடவை அமுக்கினா உள்ளே இருக்கிற தகடு சில மில்லி விநாடிக்குத் துள்ளும். ஐ.சி. அதை ஏழெட்டு தடவை அமுக்கினதா நினைக்கும். 7-ல இருந்து 8-க்கு மாத்தப் போய் 3-ல நிக்கும். ஒருதடவை படிச்சு, 20 மில்லி விநாடி கழிச்சு இன்னொரு தடவை படிச்சு, ரெண்டும் ஒண்ணா இருந்தா மட்டும் நம்புங்க.

கரன்ட் போனா?

இவ்வளவும் முடிச்சு மாட்டினா கடிகாரம் ஓடும். ஆனா கரன்ட் கட் ஆனதும் எல்லாம் மறந்து 12:00-க்குப் போயிடும். நம்ம ஊர்ல இது சரிப்படாது. அதனால நேரத்தை ஞாபகம் வச்சுக்க ஒரு ஆர்.டி.சி. ஐ.சி. சேருங்க. காசு கம்மின்னா டி.எஸ்.1307. துல்லியம் வேணும்னா டி.எஸ்.3231. ரெண்டுக்கும் ரெண்டே ரெண்டு சிக்னல் ஒயர், கூட ஒரு பட்டன் பேட்டரி. கரன்ட் இல்லாதப்பவும் உள்ளுக்குள்ள மணி ஓடிக்கிட்டே இருக்கும்.

துல்லியம்னா எவ்வளவு? சாதாரண கிரிஸ்டல் பத்து லட்சத்துக்கு 20 அடி வரைக்கும் பிசகலாம். நாளைக்கு 1.7 விநாடி. மாசத்துக்குக் கிட்டத்தட்ட 52 விநாடி. டி.எஸ்.3231 சூட்டைத் தானே அளந்து திருத்திக்கும். 0-வுல இருந்து 40 டிகிரிக்குள்ள பத்து லட்சத்துக்கு 2 அடிதான் பிசகும். வருஷத்துக்கே ஒரு நிமிஷம் சொச்சம்!

டி.எஸ்.1307-ல ஒரு சூட்சுமம். முதல் தடவை கரன்ட் கொடுக்கும்போது அது தூங்கிக்கிட்டு இருக்கலாம். விநாடி ரெஜிஸ்டரோட உச்சி பிட்டை 0 ஆக்கினாத்தான் ஓடும். அப்புறம் ரெண்டுமே பி.சி.டி. முறையில எண்ணைத் தரும். அதை அப்படியே காட்டினா 9-க்கு அப்புறம் 16 வரும், 59-க்குப் பதிலா 89 வரும். ஐ.சி. கெட்டுப்போச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போகாதீங்க. பாவம் அவரு.

கரன்டை நம்பின கடிகாரங்கள்!

பழைய டிஜிட்டல் கடிகாரங்கள் சிலதுல கிரிஸ்டலை நம்பாம, வீட்டுக்கு வர்ற கரன்ட்டோட 50 துடிப்பை எண்ணியே விநாடி செஞ்சாங்க. 'அட, ஈஸியா இருக்கே'ன்னு நீங்களும் அதுல இறங்கறதுக்கு முன்னாடி ஒரு நிஜக் கதை.

2018 ஜனவரி நடுவுல இருந்து மார்ச் ஆரம்பம் வரைக்கும் ஐரோப்பாவுல அவன், அலாரம் கடிகாரமெல்லாம் தினம் கொஞ்சம் கொஞ்சமா பின்தங்கி, கிட்டத்தட்ட 6 நிமிஷம் லேட்! காரணம், கொசோவோவுக்கும் செர்பியாவுக்கும் நடுவுல மின்சாரக் கணக்குத் தகராறு. கிரிட்ல கரன்ட் பத்தாம, சராசரி ஃப்ரீக்வென்ஸி 50-ல இருந்து 49.996-ஆ குறைஞ்சுபோச்சு. வெறும் 0.004! அந்தச் சின்னப் பிசகு சேர்ந்து சேர்ந்துதான் ஆறு நிமிஷம். எங்கேயோ ரெண்டு பேர் போட்ட சண்டையில, எங்கேயோ ஒருத்தர் ஆபீஸுக்கு லேட்! கடிகாரம் எதை நம்பி ஓடுதுங்கிறது அவ்வளவு பெரிய விஷயம். உங்க கடிகாரம் எதை நம்பணும்னு இப்ப நீங்கதான் முடிவு பண்றீங்க.

கறுப்புப் பொட்டு பார்ட்டிகளுக்கு...

வீட்டு டேபிள் கடிகாரத்தைத் திறந்தா ஐ.சி.யே இருக்காது. கறுப்பா ஒரு பொட்டு மட்டும் ஒட்டியிருக்கும். ஐ.சி. அதுக்குள்ளதான் புதைஞ்சு கிடக்கு. அதைக் கழற்ற முடியாது. எல்.இ.டி. டிஸ்ப்ளேவா இருந்தா, பொட்டுக்குப் போற லைன்களை வெட்டிட்டு, அங்கேயிருந்து மெல்லிசு ஒயர் இழுத்து, ஏ.டி.மெகா328 இருக்கிற சின்ன ஆர்டுய்னோ போர்டுல சேர்க்கலாம். எல்.சி.டி. டிஸ்ப்ளேன்னா ஆரம்பத்துலயே தொடாதீங்க. அதுக்கு மாறி மாறி வர்ற வோல்ட்டேஜ் வேணும். நேரா டி.சி. கொடுத்து வச்சா டிஸ்ப்ளே பாழாயிடும்.

பூட்டாதீங்க!

இப்ப கொஞ்சம் சீரியஸ். ஃபைனல் இயர்ல ரெடிமேட் புராஜெக்ட் வாங்குறவங்க இருக்காங்க. பைண்டிங் பளபளன்னு இருக்கும், டெமோவும் ஓடும். இன்டர்வியூவுல "இதுல நீ என்ன செஞ்சே?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டா, தொண்டையில தண்ணி வத்திடும். நாலு எண்ணைக் காட்டுற கடிகாரம் பார்க்கச் சின்ன விஷயம்தான். ஆனா 3600 எங்கேயிருந்து வந்துச்சு, புல்-அப் ஏன் வேணும், பட்டன் ஏன் துள்ளுது... எதைக் கேட்டாலும் பதில் உங்க கையில இருக்கும். அது நீங்க மனப்பாடம் பண்ணினது இல்லை, பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது.

கடைசியா ஒரு வேலை பாக்கி. நீங்க போட்ட பின் டேபிள், சர்க்யூட், புரோகிராம் மூணையும் பிரின்ட் எடுத்து, ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு, கேபினெட்டுக்கு உள்பக்கமா ஒட்டிடுங்க. டிரான்ஸ்ஃபார்மரையும் ரெகுலேட்டரையும் விட்டுத் தள்ளி ஒட்டுங்க. புரோகிராமோட சாஃப்ட் காப்பியை டிபார்ட்மென்ட் லேப்ல கொடுத்து வைங்க. ஐ.சி.ல லாக் பிட் போடாதீங்க. முன்னாடி எழுதினவர் பூட்டிட்டுப் போனதாலதான் நமக்கு இத்தனை பாடு. அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு இடி மின்னல்ல இந்த ஐ.சி.யும் போகலாம். அப்ப ஸ்க்ரூ டிரைவரோட மூடியைத் திறக்கிற ஜூனியர் பையனுக்கோ பொண்ணுக்கோ, உள்ளே காலி மண்டை மட்டும் கிடைக்கக் கூடாது. உங்க கையெழுத்துல ஒரு காகிதமும் கிடைக்கணும்!

அடுத்த வாரம்: கரகரங்கிற எஃப்.எம். ரேடியோவைக் கழற்றுவோம். ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவுல போட்டு வைங்க, தொலைச்சுடாதீங்க!